ஸுஹைலி: மெல்லச் சென்று வென்ற தேக்குப் படகு

இரவு வானில் தெரியும் நட்சத்திரங்களுள் பிரகாசத்தில் இரண்டாமிடம் பெறுவது தென்திசையில் தோன்றும் ஒரு நட்சத்திரம். தமிழர் அதனை அகத்திய மீன் என்றனர். அரபிகள் ‘ஸுஹைல்’ என்றனர். திசைகாட்டிக் கருவி கைக்கு வருமுன்னர், பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டியவருக்கும் கடலில் கப்பல் ஓட்டியவருக்கும் தெற்கு எதுவென்று சொன்ன நட்சத்திரம் அது. பாரசீக வளைகுடாவில் தென்கிழக்கிலிருந்து எழும் காற்றுக்கு அரபு மாலுமிகள் ‘ஸுஹைலி’ என்று பெயரிட்டிருந்தார்கள்.

அந்தக் காற்றின் பெயரைத் தாங்கிய 32 அடி நீளமான ஒரு பாய்மரப் படகு, 1969ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி இங்கிலாந்தின் பல்மத் துறைமுகத்தை வந்தடைந்தது. ஒரேயொரு மனிதருடன், எந்தத் துறைமுகத்துக்குள்ளும் போகாமல், பூமியை முழுமையாகச் சுற்றி வந்த முதற் படகு அதுதான். ஒன்பது பேர் புறப்பட்ட ஒரு போட்டியில் முடிவிடத்தை அடைந்ததும் அது ஒன்றுதான்.

வாசகர்களே, இதில் வியப்புக்குரிய விடயம் என்னவென்றால், ஸுஹைலி வேகமான படகே அல்ல. அப்போட்டியில் அதைவிட வேகமான, நவீனமான படகுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று கடலுக்கடியில் போயிற்று. இன்னொன்று ஆளில்லாமல் மிதந்து கிடந்தது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இம்மாதம் பார்க்கப் போகிறோம்.

நோர்வேயில் பிறந்த வடிவம்

ஸுஹைலியின் கதை பம்பாயில் தொடங்கினாலும் அதன் வடிவம் நோர்வே நாட்டுக்குரியது. நோர்வேயின் கரையோரம் பாறைகள் நிறைந்தது. குளிர்காலப் புயல்களில் அங்கு மீனவர்கள் பலர் உயிரிழந்து வந்தனர். அவர்களைக் காப்பதற்கான படகொன்றை வடிவமைக்கும் பொறுப்பு கொலின் ஆர்ச்சர் என்ற கப்பல் நிபுணரிடம் வந்தது. அவர் வடிவமைத்த முதலாவது மீட்புப் படகு 1893இல் கடலில் இறங்கியது. மற்றப் படகுகளெல்லாம் கரையை நோக்கி ஓடிவரும் வேளையில் புயலுக்குள் போகவேண்டிய படகு அது. ஆகவே ஆர்ச்சர் வேகத்தை முதலில் வைக்கவில்லை. பிழைத்திருப்பதையே முதலில் வைத்தார்.

அந்த வடிவத்தின் சிறப்புகள் மூன்று. முதலாவது, படகின் முன்புறம் போலவே பின்புறமும் கூர்மையாக இருக்கும். பின்னாலிருந்து துரத்தி வரும் பேரலை, தட்டையான பின்புறத்தில் மோதினால் படகைத் தூக்கி எறிந்துவிடும். கூர்மையான பின்புறத்தில் மோதினால் இரண்டாகப் பிளந்து இருபக்கமும் வழிந்துவிடும். இரண்டாவது, படகின் முதுகெலும்பு போன்ற அடிமரம், அதாவது ஏரா, நீளமாகவும் ஆழமாகவும் ஓடும். இதனால் படகு எடுத்த திசையை இலேசில் விடாது. மூன்றாவது, பாரம் முழுவதும் கீழே இருக்கும். அலை படகைச் சரித்துப் போட்டாலும் அந்தப் பாரம் அதனைத் திரும்ப நிமிர்த்திவிடும்.

இதற்கெல்லாம் கொடுக்க வேண்டிய விலை, வேகம். இத்தகைய படகு கனமானது. மெல்லிய காற்றில் அசைய மறுக்கும்.

1920களில் அமெரிக்கரான வில்லியம் அட்கின் என்பவர் ஆர்ச்சரின் வடிவத்தை 32 அடிக்குச் சுருக்கி, சிறு குழுவொன்று தூரப் பயணம் போகக்கூடிய படகாக வரைந்தார். அவ்வரைபடத்துக்கு ‘எரிக்’ என்று பெயர்.

பம்பாயில் கட்டிய கைகள்

ரொபின் நொக்ஸ் ஜோன்ஸ்டன் 1939இல் லண்டனில் பிறந்தவர். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியில் அதிகாரியாக, பம்பாய்க்கும் பஸராவுக்கும் இடையே ஓடிய கப்பல்களில் வேலை செய்தார். வளைகுடாவின் துறைமுகங்களும் அங்கு வரும் அரபுப் பாய்க்கப்பல்களும் அவருக்குப் பழக்கமானவை. அவரும் சக அதிகாரிகள் இருவரும் சேர்ந்து, சொந்தமாக ஒரு படகு கட்டி அதிலேயே இங்கிலாந்துக்குத் திரும்புவது என்று முடிவு செய்தார்கள்.

படகின் வரைபடத்துக்கு இங்கிலாந்துக்கு எழுதிப் போட்டார்கள். கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று. வந்தது, நாற்பது வருடப் பழைமையான ‘எரிக்’ வரைபடம். திருப்பி அனுப்பி மற்றொன்றை எதிர்பார்த்திருக்க நேரமில்லை. சரி, இதையே கட்டுவோம் என்று தொடங்கினார்கள். பிற்காலத்தில் அவருடைய உயிரைக் காத்தது இந்தத் தற்செயல்தான்.

பம்பாயின் கொலாபாப் பகுதியிலுள்ள பட்டறையில் 1963இல் வேலை ஆரம்பமாயிற்று. மரமெல்லாம் தேக்கு. கட்டியவர்கள் பரம்பரை ஓடாவிமார். மின்சார ஆயுதங்களை நம்பாமல், வாய்ச்சியாலும் உளியாலும் கயிறு சுற்றி இழுக்கும் துறப்பணத்தாலும் வேலை செய்தார்கள். தேக்கு எளிதில் உழுக்காது. அதிலுள்ள எண்ணெய் நீரையும் பூச்சியையும் எதிர்க்கும். ஆனால் அது கனமானது. ஏற்கெனவே கனமான வடிவம், கனமான மரத்தில் இன்னும் கனத்தது.

மாலுமி, சுக்கான் என்று நாம் தமிழாக எண்ணிப் பேசும் சொற்கள் அரபியிலிருந்து வந்தவை. ‘முஅல்லிம்’ மாலுமியானார். ‘ஸுக்கான்’ அப்படியே சுக்கானாயிற்று. இந்து சமுத்திரத்தின் கரைகள் எல்லாவற்றையும் இணைத்த மரக்கலத் தொழிலின் அடையாளம் இது. அந்தத் தொழிலின் கைத்திறன் இந்த ஆங்கிலேயரின் படகிலும் இறங்கியது.

1964 டிசெம்பர் 19ஆம் திகதி படகு கடலில் இறக்கப்பட்டது. இந்திய வழக்கப்படி முன்னணியத்தில் தேங்காய் உடைத்து, ‘ஸுஹைலி’ என்று பெயர் சூட்டியவர் குவைத் நாட்டுத் தூதுவப் பிரதிநிதியின் மனைவி.

நண்பர்களின் பங்கையும் பின்னர் ரொபினே வாங்கிக் கொண்டார். 1965இல் தம் சகோதரருடனும் நண்பரொருவருடனும் பம்பாயிலிருந்து புறப்பட்டு, மஸ்கட் வழியாக ஆபிரிக்கக் கரையோரம் இறங்கினார். கையிலிருந்த பணம் தீர்ந்ததும் தென்னாபிரிக்காவில் தங்கி, வேலை செய்து சம்பாதித்தார்கள். பின்னர் கேப்டவுனிலிருந்து லண்டன் வரை எங்கும் தரிக்காமல் 74 நாட்களில் வந்து சேர்ந்தார்கள். இந்தப் பயணத்தில் ஸுஹைலியின் குணம், குற்றம் அனைத்தும் ரொபினுக்கு மனப்பாடமாயிற்று.

விதிகள் குறைந்த போட்டி

1967இல் சேர் பிரான்சிஸ் சிசெஸ்டர், ‘ஜிப்ஸி மொத் 4’ என்ற படகில், சிட்னியில் மட்டும் தரித்து, தனியே உலகைச் சுற்றி முடித்திருந்தார். இனி எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. எங்குமே தரிக்காமல் சுற்றி வருவது.

1968 மார்ச்சில் லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகை ‘கோல்டன் குளோப்’ போட்டியை அறிவித்தது. ஜூன் 1க்கும் ஒக்டோபர் 31க்கும் இடையில் யாரும் எப்போதும் புறப்படலாம். நன்னம்பிக்கை முனை, அவுஸ்திரேலியாவின் தென்கோடி, தென்னமெரிக்காவின் ஹோர்ன் முனை ஆகிய மூன்றையும் சுற்றி வரவேண்டும். எவருடைய பௌதிக உதவியும் பெறக்கூடாது. முதலில் வருபவருக்கு தங்கநிறப் பூகோளக் கேடயம். மிகக் குறைந்த நாட்களில் சுற்றியவருக்கு 5,000 பவுண்.

போட்டியாளருக்கு அனுபவம் உண்டா, படகு தகுதியானதா என்று எவரும் பரீட்சிக்கவில்லை. புறப்பட்டவர்களில் சேய் பிளைத் என்பவருக்குப் பாய்மரப் படகோட்டவே தெரியாது. போகப் போகப் படித்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார்!

ரொபின் முதலில் 53 அடி நீளமான புதிய இரும்புப் படகொன்று கட்டத்தான் விரும்பினார். அதற்குப் பணம் கொடுக்க எவரும் முன்வரவில்லை. எனவே கையிலிருந்த ஸுஹைலியைத் தயார் செய்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட உணவுப் பேணிகளை ஏற்றிக்கொண்டு, 1968 ஜூன் 14ஆம் திகதி பல்மத்திலிருந்து பாய் விரித்தார். வேகத்தில் வெல்ல முடியாதென்பது அவருக்குத் தெரியும். முந்திப் புறப்பட்டு, உடையாமல் போய்ச் சேர்ந்தால் முதலாவதாக வரலாம் என்பதே அவருடைய கணக்கு.

நீருக்கடியில் ஒரு தையல்

ஒரு மாதம்கூட நிறைவடையவில்லை. படகினுள் தண்ணீர் ஏறத் தொடங்கிற்று. ஏராவை ஒட்டிய பலகைகளின் இடைவெளி திறந்துவிட்டிருந்தது. மரப்படகுகளில் இந்த இடைவெளிகளைப் பஞ்சுத்திரியால் அடைத்துத் தார் பூசுவார்கள். நம் ஓடாவிமார் இதனைக் கலப்பத்து என்பார்கள். வழக்கமாக இதற்குப் படகைக் கரையேற்ற வேண்டும். ரொபினுக்குக் கரை இல்லை.

கேப் வேர்ட் தீவுகளுக்கு அப்பால், நடுக்கடலில், அவரே மூச்சைப் பிடித்துக்கொண்டு படகுக்கடியில் மூழ்கினார். ஒவ்வொரு மூச்சிலும் சிறிது பஞ்சு அடைப்பார், மேலே வருவார், மறுபடி மூழ்குவார். பஞ்சு நிற்கவில்லை. பின்னர் நீண்ட கன்வஸ் துணிப்பட்டியில் தார் பூசி, அதை இடைவெளியின் மேல் வைத்துச் சிறு செப்பாணிகளால் அறைந்தார். அதன்மேல் செப்புத் தகடு. இடையில் சுறாவொன்று சுற்றத் தொடங்கவே, மேலே ஏறி அதைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டு, மற்றச் சுறாக்கள் வராதென்று உறுதியான பின் மீண்டும் இறங்கினார். ஒழுக்கு நின்றது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், மரப்படகு பழுதாகும். ஆனால் கையாயுதங்களால் கட்டியதைக் கையாயுதங்களால் திருத்தவும் முடியும்.

தென் சமுத்திரத்தில்

செப்டெம்பர் தொடக்கத்தில் அவர் தென் சமுத்திரத்தை அடைந்தார். அலைகளைத் தடுக்க நிலமே இல்லாத கடல் அது. ஒரு புயலிரவில் பேரலை ஒன்று ஸுஹைலியை முழுமையாகப் பக்கவாட்டில் சரித்து வீழ்த்தியது. ஏராவின் பாரம் தன் வேலையைச் செய்தது. படகு நிமிர்ந்தது. ஆனால் மேலறை தன் இடத்திலிருந்து சற்றே பெயர்ந்திருந்தது. குடிநீர்த் தாங்கிகள் கெட்டுப் போயின. அன்று முதல் மழைநீரைப் பிடித்தே குடித்தார். செய்தி அனுப்பும் வானொலியும் செயலிழந்தது.

அவர் போராடியது படகோடு மட்டுமன்று, படகை எப்படி ஓட்டுவது என்ற கேள்வியோடும்தான். புயல் பலத்தால், பாய்களைக் குறைத்து, நூற்றுக்கணக்கான அடி நீளமுள்ள தடித்த கயிற்றை வளையமாகப் பின்புறத்திலிருந்து கடலில் விட்டார். அது படகின் வேகத்தைக் குறைத்து, பின்புறத்தை அலைக்கு நேராக வைத்திருந்தது. துரத்தி வந்த அலை கூர்மையான பின்புறத்தில் பிளந்து போயிற்று. கொலின் ஆர்ச்சர் நோர்வே மீனவருக்காக நினைத்த உபாயம், எழுபத்தைந்து வருடங்களின் பின் பூமியின் மறுகோடியில் வேலை செய்தது.

அவுஸ்திரேலியாவை நெருங்கும்போது, காற்றைக் கொண்டு தானாகச் சுக்கானைத் திருப்பும் பொறி உடைந்து போனது. அது இல்லாமல் தனியொருவர் தூங்குவது எப்படி? இன்னும் பாதி உலகம் மீதமிருக்கிறது. வேறு படகாக இருந்தால் பயணம் அங்கேயே முடிந்திருக்கும். ஸுஹைலியின் நீண்ட ஏரா இங்கே கைகொடுத்தது. பாய்களை ஒன்றுக்கொன்று சமமாக அமைத்து, சுக்கானைக் கட்டிவிட்டால் படகு தன் வழியே போய்க்கொண்டிருக்கும். ஹோர்ன் முனை வரையும், அதற்கப்பால் இங்கிலாந்து வரையும், பெரும்பாலும் அவ்வாறே வந்தார்.

மெல்பேர்னுக்கு வெளியே வழிகாட்டிப் படகொன்றிடம் கடிதங்களை ஒப்படைத்தார். நவம்பரில் நியூஸிலாந்தின் ஒட்டாகோ அருகே படகு மணலில் தட்டி, வற்று முடிந்து நீர் ஏறியதும் தானே மிதந்தது. அங்கு பத்திரிகையாளர் ஒருவர் படகில் வந்து அவருடன் பேசினார். அவர் கரையிறங்கவில்லை.

அதன் பிறகு மௌனம். நாலரை மாதங்களாக ஸுஹைலியைப் பற்றிய ஒரு தகவலும் எவருக்கும் கிடைக்கவில்லை. 1969 ஜனவரி 17ஆம் திகதி அவர் ஹோர்ன் முனையைக் கடந்ததும் எவருக்கும் தெரியாது. வீட்டில் பெற்றோரும் சகோதரர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு காலையும் செய்தி வருமா என்று காத்திருந்த அவர்களின் பாட்டை, வெளிநாட்டில் பிள்ளைகளைக் கொண்டிருக்கும் எமது தாய்மாருக்கு விளக்கத் தேவையில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில், அஸோர்ஸ் தீவுகளுக்கு அருகில், எண்ணெய்க் கப்பலொன்று ஒளிச் சமிக்ஞையில் அவருடைய செய்தியைப் பெற்று உலகுக்கு அறிவித்தது.

ஏப்ரல் 22. பல்மத். சுங்க அதிகாரிகள் படகில் ஏறி, சட்டப்படி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்கள்: “எங்கிருந்து வருகிறீர்கள்?” அவர் சொன்ன பதில்: “பல்மத்திலிருந்து.”

312 நாட்கள். 30,000 கடல் மைல்களுக்கு மேல். சராசரி வேகம் மணிக்கு 4 கடல் மைல். அதாவது, விரைந்து நடக்கும் ஒருவரைவிடச் சற்றே அதிகம்.

மற்ற எண்மர்

ஜோன் றிஜ்வேயும் சேய் பிளைத்தும் குடும்பத்தோடு உல்லாசமாகப் போவதற்கென அமைந்த 30 அடிப் படகுகளில் கிளம்பியிருந்தனர். படகுகள் தாங்கமாட்டா என்று கண்டதும் ஒருவர் பிரேசிலிலும், மற்றவர் தென்னாபிரிக்காவிலும் நிறுத்திக்கொண்டனர். பில் கிங், லொயிக் பூஜெரோன் ஆகியோரின் படகுகளைத் தென் அத்திலாந்திக் புயல் உருட்டியது. அலெக்ஸ் கரோஸோ வயிற்றுப்புண்ணால் போர்த்துக்கலில் ஒதுங்கினார். ஐவரும் உயிரோடு திரும்பினார்கள்.

பிரெஞ்சுக்காரரான பேர்னாட் முவாட்டிஸியே வியட்னாமில் வளர்ந்தவர். அவருடைய ‘ஜோஷுவா’ 39 அடி இரும்புப் படகு. அதுவும் இருமுனையும் கூர்மையானது. ஆனால் ஸுஹைலியைவிட மிக வேகமானது. ரொபினுக்கு 69 நாட்கள் பிந்திப் புறப்பட்டவர், ஹோர்ன் முனையைக் கடக்கும்போது 19 நாட்களே பின்னாலிருந்தார். பணப்பரிசு அவருக்கே என்று எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் அவர் திரும்பி வரவில்லை. போட்டியும் புகழும் தேவையில்லை என்று தீர்மானித்து, கேப்டவுனருகே ஒரு கப்பலுக்குக் கவண் கொண்டு செய்தியை எறிந்துவிட்டு, மீண்டும் கிழக்கே போய் 1969 ஜூனில் தாஹிட்டியில் இறங்கினார். அவரது குடும்பம் பிரான்ஸில் காத்திருந்தது.

எஞ்சியவர் இருவர். நைஜல் டெட்லி, டொனல்ட் குரோஹேர்ஸ்ட். இருவரும் தெரிந்தெடுத்தது ஒட்டுப்பலகையால் ஆன, மூன்று உடல்களைக் கொண்ட படகுகள். இவை இலேசானவை, வேகமானவை. ஆனால் கவிழ்ந்தால் தாமாக நிமிரா. தென் சமுத்திரத்தின் அடிகளை மாதக்கணக்கில் தாங்க அவை கட்டப்படவில்லை.

பிணை வைக்கப்பட்ட வீடு

குரோஹேர்ஸ்ட் இந்தியாவின் காஸியாபாத்தில் 1932இல் பிறந்தவர். இங்கிலாந்தில் கடற்பயணக் கருவிகளைத் தயாரிக்கும் சிறு வியாபாரம் நடத்தி வந்தார். வியாபாரம் நலிந்திருந்தது. போட்டியில் வென்றால் எல்லாம் சரியாகும் என்று நம்பினார். படகுக்குப் பணம் தந்தவருக்குத் தம் வியாபாரத்தையும் வீட்டையும் பிணையாக வைத்தார். பயணத்தைக் கைவிட்டால் படகின் செலவும் அவர் தலையிலேயே விழும். மனைவியும் நான்கு சிறு பிள்ளைகளும் அந்த வீட்டில் இருந்தார்கள்.

கடைசி நாளான ஒக்டோபர் 31இல், வேலை முடியாத படகோடு அவர் புறப்பட்டார். புறப்படுவதற்கு முந்திய இரவு அவர் தம் முன்னால் அழுததை மனைவி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இரண்டு வாரங்களில் படகின் குறைகள் வெளிப்பட்டன. தென் சமுத்திரத்துக்குள் போனால் உயிர் போகும். திரும்பினால் வீடு போகும். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்றை அவர் கண்டார். அத்திலாந்திக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதுபோல் பொய்யான இடங்களை வானொலியில் அறிவித்தார். 1969 மார்ச்சில் ஆர்ஜென்டீனாவில் இரகசியமாகக் கரையேறிப் படகைத் திருத்தினார்.

அந்தப் பொய் முதலில் அழித்தது இன்னொருவரின் படகை. டெட்லி உலகைச் சுற்றும் பயணத்தை அநேகமாக நிறைவு செய்து, தாம் போனபோது வரைந்த பாதையையே மறுபடி வெட்டிக் கடந்திருந்தார். குரோஹேர்ஸ்ட் வேகமாக நெருங்குகிறார் என்ற செய்தி கேட்டு, ஏற்கெனவே நொந்திருந்த படகை விரட்டினார். மே 21ஆம் திகதி, அஸோர்ஸ் அருகே படகு சிதைந்து மூழ்கியது. ‘விக்ட்ரஸ்’ என்ற அந்தப் படகுதான் அவரும் மனைவியும் வாழ்ந்த வீடு. அவர் மட்டும் மீட்கப்பட்டார்.

இப்போது வேகப் பரிசுக்கு குரோஹேர்ஸ்டைத் தவிர வேறு பெரிய போட்டியாளர் இல்லை. வென்றால், நிபுணர்கள் அவருடைய பயணக் குறிப்பேட்டை வரிவரியாக ஆராய்வார்கள். தோற்று இரண்டாவதாக வந்து மறைந்துகொள்ளும் வழியும் அடைபட்டது. அவருடைய மனம் குலைந்தது. குறிப்பேட்டின் கடைசிக் குறிப்பு ஜூலை 1ஆம் திகதிக்குரியது. ஜூலை 10ஆம் திகதி ஒரு கப்பல் அவருடைய படகைக் கண்டெடுத்தது. படகில் ஆளில்லை. உண்மைக் கணக்கும் பொய்க் கணக்கும் எழுதிய குறிப்பேடுகள் மட்டும் இருந்தன.

போட்டியை முடித்தவர் ரொபின் ஒருவரே என்பதால் வேகப் பரிசான 5,000 பவுணும் அவருக்கே வந்தது. பெரிய பணக்காரர் அல்லாத அவர், அத்தொகை முழுவதையும் குரோஹேர்ஸ்டின் மனைவி மக்களுக்கென ஆரம்பிக்கப்பட்ட நிதிக்குக் கொடுத்துவிட்டார்.

பின்னர் ஸுஹைலி

1989இல் ரொபின் மீண்டும் ஸுஹைலியில், கொலம்பஸ் சென்ற வழியே அத்திலாந்திக்கைக் கடந்தார். நவீன கருவிகளை ஒதுக்கிவிட்டு, அவர் இடம் கணிக்கப் பயன்படுத்தியது ‘அஸ்ட்ரோலாப்’. கிரேக்கரிடமிருந்து பெற்று அரபு வானியலாளர்கள் செம்மைப்படுத்திய அதே உஸ்துர்லாப் கருவியின் கடல் வடிவம் அது. 1991இல் கிறீன்லாந்துக்கும் போனார்.

1997இல் ஸுஹைலி, லண்டன் கிரீனிச் தேசிய கடல்சார் நூதனசாலையில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பெருமைதான். ஆனால் அங்குள்ள உலர்ந்த காற்றில் தேக்குப் பலகைகள் சுருங்கத் தொடங்கின. புயல்கள் செய்ய முடியாததைக் கண்காட்சி மண்டபம் செய்துவிடும் என்று கண்ட உரிமையாளர், 2002இல் படகை வெளியே எடுத்து, தம் கையாலேயே ஆணி ஆணியாகத் திருத்தினார். புறப்பட்டதன் ஐம்பதாவது ஆண்டு நிறைவில், 2018 ஜூன் 14ஆம் திகதி, ஸுஹைலி மீண்டும் பல்மத் கடலில் மிதந்தது. அப்போது ரொபினுக்கு வயது 79.

அதே வருடம் பழைய முறையிலான ‘கோல்டன் குளோப்’ போட்டி மறுபடி நடந்தபோது, இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, கோவாவில் கட்டப்பட்ட ஸுஹைலியின் மாதிரிப் படகான ‘துரியா’வில் கலந்துகொண்டார். இந்து சமுத்திரப் புயலில் பாய்மரங்கள் முறிந்து, முதுகெலும்பு காயமடைந்து, பிரெஞ்சுக் கப்பலொன்றால் மீட்கப்பட்டார். நல்ல வடிவமும் எல்லாப் புயலுக்கும் உத்தரவாதமல்ல என்பதற்கு இது சான்று. அவர் 2022இல் வேறு படகில் மீண்டும் புறப்பட்டு, 2023இல் இரண்டாவதாக வந்து முடித்தார்.

வேகம் இன்று எங்கோ போய்விட்டது. 2017 டிசெம்பரில் பிரான்ஸ்வா கபார் என்பவர், மூன்று உடல் கொண்ட நவீன படகில் தனியாக 42 நாட்கள் 16 மணித்தியாலங்களில் உலகைச் சுற்றினார். 1968இல் ஒட்டுப்பலகையால் தாங்க முடியாததை, ஐம்பது வருட ஆராய்ச்சியில் பிறந்த புதிய பொருட்கள் தாங்குகின்றன. ஆகவே வேகம் கெட்டது, மூன்று உடல் கெட்டது என்று முடிவுகட்டுவது தவறு. தாங்கும் என்று பார்த்தறியாத ஒன்றின்மேல் எல்லாவற்றையும் ஏற்றியதுதான் அன்றைய பிழை.

எமது வீடுகளுக்கு

இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ரொபினின் துணிவை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். துணிவில் குரோஹேர்ஸ்டும் குறைந்தவர் அல்லர். ரொபின் தாம் நன்கறிந்த படகில், தமது சொந்தப் பொருளை வைத்து, தம்மால் என்ன முடியாதென்பதையும் தெரிந்துகொண்டு போனார். மற்றவர் பிறர் பணத்தில், முடியாத படகில், பிள்ளைகள் தூங்கும் வீட்டைப் பிணைவைத்துப் போனார். திரும்பி வருவதற்கான வழியை அவர் புறப்படுமுன்பே அடைத்துவிட்டார்.

வியாபாரத்துக்காக, வெளிநாட்டுப் பயணத்துக்காக, கலியாணச் செலவுக்காக வீட்டு உறுதியை ஈடுவைக்கும் வேளை எமது குடும்பங்களிலும் வருகிறது. கையெழுத்திடுமுன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளட்டும்: இது பிழைத்தால், மானம் கெடாமல் “முடியவில்லை” என்று சொல்லித் திரும்பிவர வழி இருக்கிறதா? முந்திய இரவில் ஒருவர் அழுதால் மற்றவர், “போகவேண்டாம், கடனை இருவரும் சேர்ந்து கட்டுவோம்” என்று சொல்லலாம்.

திரும்பி வருவது முடிவல்ல. படகோட்டத் தெரியாமல் கிளம்பி, தென்னாபிரிக்காவில் நிறுத்திக்கொண்ட சேய் பிளைத், வீட்டுக்கு வந்தார். படகோட்டப் படித்தார். நல்ல இரும்புப் படகொன்றைப் பெற்றார். 1970இல் மீண்டும் புறப்பட்டு, காற்றுக்கு எதிராக மேற்கு நோக்கி, எங்கும் தரிக்காமல், 292 நாட்களில் தனியே உலகைச் சுற்றி முடித்தார். அவ்வழியில் அதைச் செய்த முதல் மனிதர் அவர்தான்.